செந்தூல் அடுக்குமாடி வீட்டில் விளிம்பில்லாப் பவளத் தொட்டி: வெப்பத்தை எப்படிச் சமாளிப்பது?

செந்தூல்வாசி:

அனைவருக்கும் வணக்கம். நன்னீர் மீன்களையும் நீர்த்தாவரங்களையும் பல ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். இப்போது முதன்முறையாக உப்புநீர்ப் பவளத் தொட்டி ஒன்றை அமைக்க விரும்புகிறேன். 60 செ.மீ. நீளம், 45 அகலம், 40 உயரம் கொண்ட, மேல்விளிம்புச் சட்டமோ குறுக்குப் பட்டையோ இல்லாத 10 மி.மீ. கண்ணாடித் தொட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நான்கு பக்கமும் மேலிருந்தும் தடையின்றிப் பார்க்கலாம் என்பதால்தான் இந்த வகையைத் தேர்ந்தெடுத்தேன்.

கோலாலம்பூரின் செந்தூல் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில், தொட்டியை வைக்கப்போகும் வரவேற்பறையில் பகலில் குளிர்சாதனம் ஓடாது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய்விடுவோம். நண்பகலில் அறையின் வெப்பம் 31 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. இரவில் மட்டும் சில மணி நேரம் குளிர்சாதனத்தைப் போடுவோம். இந்த நிலையில் விசிறி போதுமா, நீரைக் குளிர்விக்கும் கருவியான சில்லரை வாங்கியே ஆக வேண்டுமா என்பதே என் முதல் ஐயம். அடியில் சம்ப் எனப்படும் துணைத் தொட்டி வைப்பது அவசியமா, அல்லது பின்னால் தொங்கவிடும் வடிகட்டியே போதுமா என்பதும் தெரியவில்லை. பினாங்கில் இருக்கும் உறவினர்கள் மாதந்தோறும் காரில் வருகிறார்கள்; பத்து ஃபெரிங்கி கடற்கரையிலிருந்து அவர்கள் கடல்நீர் கொண்டுவந்தால் பயன்படுத்தலாமா? இந்த அளவுத் தொட்டியில் எந்தப் பவளங்களோடு தொடங்குவது நல்லது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

நீர்மானி, பெட்டாலிங் ஜெயா:

தம்பி, நீங்கள் கேட்டவற்றுள் வெப்பமே முதன்மையானது. விளக்குக்கும் கண்ணாடிக்கும் செலவழிக்கும் முன் நீரின் வெப்பத்தையும் உப்பின் அளவையும் ஒரே நிலையில் நிறுத்துவதற்குப் பணத்தை ஒதுக்குங்கள். நம் ஊரில் சிறிய பவளத் தொட்டி நிலைப்பதும் அழிவதும் பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமைகிறது.

நீங்கள் சொன்ன அளவுக்கு விளிம்பு வரை நிரப்பினால் 108 லிட்டர் பிடிக்கும். ஆனால் விளிம்பில்லாத் தொட்டியில் நீர்மட்டத்தை மூன்று நான்கு செ.மீ. தாழ்த்தித்தான் வைக்க முடியும். பாறையும் மணலும் அடைத்துக்கொள்ளும் இடத்தையும் கழித்துவிட்டால் கையில் நிற்பது 80 லிட்டர் சொச்சம். இவ்வளவு குறைந்த நீர் அறையின் சூட்டைச் சில மணி நேரத்திலேயே வாங்கிக்கொள்ளும். மோட்டார்களும் விளக்கும் தரும் சூடும் அதனோடு சேரும். அறை 31 டிகிரி என்றால் தொட்டி 32 டிகிரிக்குப் போவதில் வியப்பில்லை. பவளத்துக்கு நாம் வைக்க விரும்புவதோ 25 முதல் 27 டிகிரி. பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் ஒளிச்சேர்க்கையால் அதற்கு உணவின் பெரும்பகுதியைத் தருகிறது. வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடி அது சில வாரங்கள் நீடித்தாலே அந்தப் பாசி வெளியேறிப் பவளம் வெளுக்கத் தொடங்கும். 2010ஆம் ஆண்டு கடல் சூடேறியபோது தியோமான், ரெடாங் தீவுகளில் முக்குளிப்பு இடங்கள் சிலவற்றைத் தற்காலிகமாக மூட வேண்டி வந்ததும் இந்த வெளுப்பினால்தான்.

விசிறியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது எடுத்துச்செல்லும் வெப்பம் 100 லிட்டர் நீரை ஏறத்தாழ 6 டிகிரி குளிர்விக்கப் போதுமானது. மூடியில்லாத தொட்டியாதலால் நீர்ப்பரப்பு முழுவதும் காற்றுக்குத் திறந்திருப்பது உங்களுக்கு அனுகூலம். ஆனால் ஆவியாதலால் நீர் எவ்வளவு குளிர முடியும் என்பதற்குக் காற்றின் ஈரப்பதம் ஓர் எல்லை வகுக்கிறது. அறை 31 டிகிரியாகவும் ஈரப்பதம் 70 விழுக்காடாகவும் இருந்தால் அந்த எல்லை 26 டிகிரிக்குச் சற்று மேலே நிற்கும். மோட்டார்களின் சூடு தொடர்ந்து ஏறிக்கொண்டிருப்பதால் நடைமுறையில் 28 கிடைத்தாலே நல்லது. மாலையில் மழை பிடித்து ஈரப்பதம் 85 ஆகிவிட்டால் அதே 31 டிகிரி அறையில் எல்லையே 29ஐ நெருங்கிவிடும். அன்று விசிறியால் பயன் மிகக் குறைவு. அதன்மேல் இரவில் குளிர்சாதனம் ஓடி நீர் 26க்கு இறங்கி, மறுநாள் பிற்பகல் 30க்கு ஏறும் என்றால், இந்த அன்றாட ஏற்ற இறக்கமே பவளத்துக்குத் தொல்லை. எனவே உங்கள் வீட்டுக்குச் சில்லர் தேவை என்பதே என் கருத்து. இந்த அளவு நீருக்குப் பத்தில் ஒரு பங்கு குதிரைத்திறன் கொண்டது போதும். அதைத் தொட்டியின் அடிப்பெட்டிக்குள் மட்டும் அடைத்துவிடாதீர்கள். நீரிலிருந்து எடுத்த சூட்டை வெளியேற்ற அதற்குக் காற்றோட்டம் வேண்டும், இல்லையென்றால் தான் வெளியேற்றிய சூட்டையே மீண்டும் இழுத்து ஓய்வின்றி ஓடிக்கொண்டிருக்கும்.

சம்ப் பற்றிய கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. சில்லர் குழாய்கள், காற்றுநுரையால் கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர், நீர் நிரப்பும் உணரி ஆகிய அனைத்தையும் விளிம்பில்லாக் கண்ணாடியின்மேல் தொங்கவிட்டால், எந்த அழகுக்காக இந்தத் தொட்டியைத் தேர்ந்தெடுத்தீர்களோ அது போய்விடும். தொட்டி செய்பவரிடம் இப்போதே சொல்லிப் பின்கண்ணாடியில் துளையிட்டு, வழிநீர்ப் பெட்டி ஒன்றைப் பொருத்தி, அடியில் 30 லிட்டர் அளவில் ஒரு சம்ப் வைத்துவிடுங்கள். மின்சாரம் நின்றால், சம்ப் நீரை மேலே கொண்டுபோகும் திரும்பு குழாயின் வாய் எந்த ஆழத்தில் இருக்கிறதோ அதுவரை மேல்தொட்டி நீர் கீழே இறங்கிவிடும். உங்கள் தொட்டியில் ஒரு செ.மீ. நீர்மட்டம் என்பது 2.7 லிட்டர். ஆகவே குழாய்வாயை நீர்ப்பரப்பை ஒட்டியே வையுங்கள். மீன் விடுவதற்கு முன்பே மோட்டாரை நிறுத்திப் பார்த்து, இறங்கும் நீர் முழுவதையும் சம்ப் கொள்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பதினைந்து இருபது லிட்டர் உப்புநீர் கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நீர் ஆவியாகும்போது உப்பு அங்கேயே தங்கிவிடும். 80 லிட்டரில் 2 லிட்டர் குறைந்தால் உப்பளவு ஆயிரத்துக்கு 35 பங்கிலிருந்து 36ஐ நெருங்கும். அதனால் தானியங்கி நீர்நிரப்பியை முதல் நாளே பொருத்துங்கள்; அதில் ஊற்றுவது உப்பில்லாத தூயநீராக இருக்க வேண்டும். நீர், கண்ணாடி, பாறை, சம்ப், அடிப்பெட்டி அனைத்தும் சேர்ந்து 200 கிலோ அளவுக்கு வரும் என்பதால், விட்டத்தின் மேலோ தாங்குசுவரை ஒட்டியோ வைப்பது நல்லது. அடிச்சட்டம் இல்லாத தொட்டிக்குக் கீழே மென்மையான நுரைப்பாய் விரித்து, நீர்மட்டக் கருவியால் நான்கு மூலைகளையும் சரிபார்த்த பிறகே நீர் ஊற்றுங்கள்.

அலைவாய், பினாங்கு:

தம்பிக்கு வணக்கம். பத்து ஃபெரிங்கி நீரைக் கொண்டுவர வேண்டாம். எங்கள் தீவைச் சுற்றியுள்ள கடல், மலாக்கா நீரிணையின் சேறு கலந்த நீர். பெருநிலத்து ஆறுகளும் அதில் வந்து சேர்கின்றன. கனமழைக்குப் பிறகு உப்பளவு கணிசமாகக் குறைந்துவிடும். ஊர்க் கழிவும் அதோடு கலக்கும். ஒரு கோப்பையில் எடுத்து அரைமணி நேரம் அசைக்காமல் வைத்துப் பாருங்கள், அடியில் மெல்லிய சேற்றுப் படலம் படிந்திருக்கும். பவளம் செழிக்க வேண்டிய நீர் அதுவன்று. எங்களுக்கு அருகிலுள்ள பவளப்பாறைகளைப் பார்க்க வேண்டுமானால் கெடா கரையோரத்துப் பாயார் தீவுக்குத்தான் நாங்களே போகிறோம்.

உப்புக்கலவையை வாங்கிக் கரைப்பதே பாதுகாப்பு. பெரும்பாலான கலவைகளில் ஒரு லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் போட்டால் 35 என்ற உப்பளவு கிடைக்கும்; 25 டிகிரியில் அதன் ஒப்படர்த்தி 1.026. உப்பளவை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரைத் தூயநீரை வைத்துச் சரிசெய்வதைவிட, 35 அளவுக்கென்றே விற்கப்படும் திரவத்தை வைத்துச் சரிசெய்யுங்கள். நாம் அளக்கும் இடத்தில் கருவி சரியாக இருக்கிறதா என்பதே முக்கியம். குழாய்நீரை நேரடியாகப் பயன்படுத்தாதீர்கள். அதில் குளோரினோடு பாஸ்பேட், சிலிக்கேட் ஆகியவை வரக்கூடும். பழைய குழாய்களிலிருந்து செம்பு கலந்தால் இறால், நத்தை, பவளம் எதுவும் பிழைக்காது. நீரில் கரைந்தவற்றையும் நீக்கித் தூயநீர் தரும் ஆர்.ஓ.டி.ஐ. வடிகட்டி ஒன்றைச் சமையலறைக் குழாயில் மாட்டி, கரைந்துள்ள பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மானி 0 காட்டும் நீரையே எடுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் நீர்த்தடை ஏற்படுவது உங்களுக்குப் புதிதன்று. இரண்டு மூன்று கலன்களில் தூயநீரைச் சேமித்து வையுங்கள். தடை நீங்கியதும் முதலில் வரும் கலங்கல் நீரை வடிகட்டிக்குள் விடாமல் ஓடவிட்டுவிடுங்கள்.

விசிறி பற்றி நீர்மானி அம்மா சொன்ன கணக்கில் பிழையில்லை. ஆனால் முடிவில் நான் சற்று வேறுபடுகிறேன். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியோடு இணைத்த விசிறிகளைக் கொண்டு 28 டிகிரியில் நிலையாக நிறுத்த முடியுமானால், அந்த நிலையான 28 அன்றாடம் 26க்கும் 30க்கும் இடையே ஊசலாடும் நீரைவிட மேல். தோல்பவளம், காளான் பவளம், ஜோவாந்தஸ் ஆகிய மென்பவளங்கள் அந்த வெப்பத்தில் நன்றாகவே வளர்வதை இங்கே பினாங்கில் பல வீடுகளில் பார்க்கிறேன். சில்லர் வாங்கப் பணம் சேரும்வரை பவளக் கனவைத் தள்ளிப்போட வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். ஹாமர், டார்ச் போன்ற கல்பவளங்களை விரும்பினால் மட்டும் அவர் சொல்வதைக் கேளுங்கள். வளர்க்கக் கடினமான அக்ரோபோரா என்னும் கல்பவளத்தை இந்தத் தொட்டியில் முதல் ஆண்டில் நினைக்கவே வேண்டாம்.

அவசரப்படாமல் இருப்பதில்தான் பெரும்பகுதி இருக்கிறது. காய்ந்த பாறையை அடுக்கி, அம்மோனியா ஊற்றி, அது நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாறி, முதல் இரண்டும் 0 ஆகும்வரை நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நீர்த்தாவரம் வளர்த்தவர் என்பதால் இது உங்களுக்குப் பழகிய பாடம். ஆனால் தாவரத் தொட்டியில் கார்பனேட் கடினத்தன்மை குறைவாக இருப்பதை விரும்பியிருப்பீர்கள்; இங்கே காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.எச். (கார்பனேட் கடினத்தன்மையின் அலகு), கால்சியம் 400 முதல் 450, மெக்னீசியம் 1,250 முதல் 1,350 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று வைக்க வேண்டும், ஏனெனில் பவளம் தன் எலும்புக்கூட்டை இவற்றிலிருந்துதான் கட்டுகிறது. பவளங்கள் சிலவே இருக்கும்வரை வாரம் பத்து விழுக்காடு நீர்மாற்றமே இவற்றை ஈடுசெய்துவிடும். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் முற்றாக 0 ஆக்க முயலாதீர்கள். அவை இரண்டும் தீர்ந்துபோன புதுத் தொட்டியில்தான், பழுப்பு நிறத்தில், குமிழிகள் கோத்த சளிபோல மணலை மூடும் டைனோஃபிளாஜெல்லேட் என்னும் நுண்ணுயிர் தலையெடுக்கிறது. அதை விரட்டுவது பாசியை விரட்டுவதைவிடக் கடினம். நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05 பி.பி.எம். அளவில் நின்றால் கவலையில்லை.

மீனுக்கு ஓர் இணை ஆசெல்லாரிஸ் கோமாளிமீன், பிறகு ஒரு சிறு கோபி போதும். பண்ணையில் குஞ்சு பொரித்த கோமாளிமீன்களையே கேட்டு வாங்குங்கள். நீலச் சர்ஜன்மீன் 30 செ.மீ. வரை வளரும், அது இந்தத் தொட்டிக்கு உரியதன்று. மாண்டரின் மீன் எவ்வளவு அழகாக இருந்தாலும், பாறையில் ஊர்ந்து திரியும் நுண்ணிறால்களை நாள் முழுவதும் கொத்தித் தின்ன வேண்டிய பிராணி. புதுத் தொட்டியில் பட்டினியால் இறந்துவிடும். ஜோவாந்தஸ் வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்காப்புக் கண்ணாடியும் அணிந்தே வெட்டுங்கள். அவை ஒட்டிய பாறையை எக்காரணம் கொண்டும் கொதிநீரில் போடாதீர்கள், அந்த ஆவியை மூச்சில் இழுத்து மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தீவுகளுக்குச் சுற்றுலா போகும்போது உயிருள்ள பவளத்தையோ பாறையையோ எடுத்துவராதீர்கள். 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்படி கடல் பூங்காக்களில் அனுமதியின்றிப் பவளம் எடுப்பது குற்றம். கல்பவளங்கள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் நாடுவிட்டு நாடு வருவதற்கும் அனுமதிச்சீட்டு வேண்டும். ஏற்கெனவே வளர்ப்பவர்களிடம் வெட்டிய பவளத் துண்டுகளான ஃபிராக்குகளை வாங்குவதே சிறந்தது: விலை குறைவு, நம் வீட்டுச் சூழலுக்குப் பழகியவை, கடலிலிருந்து ஒன்றும் குறையவில்லை.

பவளமல்லி, செராஸ்:

மேலே இருவரும் நீரைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் தொட்டியின் திறந்த மேற்புறத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் விளிம்பில்லாத் தொட்டி வாங்குவோர் பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

முதலில் வலை. கோபி, ஃபயர்ஃபிஷ், ராஸ் ஆகிய மீன்கள் இரவில் மிரண்டால் துள்ளி வெளியே விழும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சன்னல் வலைக்கான அலுமினியச் சட்டத்தைத் தொட்டி அளவுக்கு வெட்டி, நிறமற்ற மெல்லிய வலையைப் பொருத்தினால் ஒளியும் குறையாது, காற்றும் தடைபடாது. அந்த வலையால் இன்னொரு பயனும் உண்டு. இரவில் நீல விளக்கைத் தேடிப் பூச்சிகள் வரும், பூச்சியைத் தேடிப் பல்லி வரும். விளக்குத் தண்டில் குப்புற ஊர்ந்து வரும் பல்லி கால் வழுக்கினால் விழுவது தொட்டிக்குள்தான். 80 லிட்டர் நீரில் ஒரு பல்லி இறந்து யாரும் பார்க்காமல் அழுகினால் அம்மோனியா உயர்ந்துவிடும்.

அடுத்தது கொசுமருந்து. நம் குடியிருப்புகளில் டிங்கிக்காகப் புகையடிக்க வருவது வழக்கம். அந்தப் புகையிலும் வீட்டில் அடிக்கும் தெளிப்பானிலும் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. மனிதருக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லாவிட்டாலும் இறாலுக்கும் நண்டுக்கும் மீனுக்கும் மிகச் சிறிய அளவே உயிர்க்கொல்லி. ஸ்கிம்மர் அறைக்காற்றை இழுத்து நீரோடு நுரையாகக் கலப்பதால், காற்றில் உள்ளது அத்தனையும் நீருக்குள் போய்விடும். நிர்வாக அலுவலகத்தில் புகையடிப்பு அறிவிப்பு ஒட்டினால், அன்று சன்னல்களைச் சாத்தி, ஸ்கிம்மரை நிறுத்தி, தொட்டியையும் சம்ப்பையும் பிளாஸ்டிக் தாளால் மூடி, அலைமோட்டாரை மட்டும் ஓடவிடுங்கள்; புகை முற்றும் கலைந்த பிறகு திறந்து, புதிய செயலூட்டிய கரி ஒரு பையைச் சம்ப்பில் போடுங்கள். சாமி அறையில் சாம்பிராணி போடும் வீடென்றால் தொட்டியை அதன் வாசலுக்கு நேரே வைக்காமல் இருப்பதும் நல்லது.

மூன்றாவது மின்சாரம். கோலாலம்பூரில் இடிமின்னல் எவ்வளவு என்பது தெரியும். மின்னல் வெட்டியதும் வீட்டின் கசிவுத் தடுப்பு விசை விழுந்துவிடுவதும் தெரியும். நீங்கள் இருவரும் வேலையில் இருக்கும்போது அது விழுந்தால் மாலைவரை நீர் அசையாது, உயிர்வளி குறையும். மின்கம்பியரை அழைத்துத் தொட்டிக்கென்று தனி இணைப்பும் தனிக் கசிவுத் தடுப்பு விசையும் வைக்கச் சொல்லுங்கள். உப்புநீரோடு பழகும்போது உங்கள் உயிருக்கும் அதுவே காப்பு. மின்சாரம் நின்றதும் தானாக ஓடத் தொடங்கும் மின்கல ஏர் பம்ப் ஒன்றும் கட்டாயம் வேண்டும். திறந்த தொட்டியில் தெறிக்கும் துளிகள் காய்ந்து விளிம்பிலும் கம்பியிலும் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். அந்தக் கம்பி வழியே நீர் இறங்கிச் செருகிக்குள் போகாதபடி, ஒவ்வொரு கம்பியையும் செருகியின் மட்டத்துக்குக் கீழே ஒரு முறை தொங்கவிட்டு மேலே கொண்டுபோங்கள்.

செந்தூல்வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தொட்டி செய்பவரிடம் பேசிப் பின்கண்ணாடியில் துளையிடச் சொல்லிவிட்டேன். எனக்கு ஹாமர் பவளத்தின்மேல் ஆசை இருப்பதால் சில்லரே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அலைவாய் ஐயா சொன்னபடி முதலில் தோல்பவளமும் காளான் பவளமும் வைத்துப் பழகிய பின்னரே அதை வாங்குவேன். இன்னும் இரண்டு ஐயங்கள் மட்டும் உள்ளன. சில்லரின் சூடு வரவேற்பறையில் பரவாமல் இருக்க அதைப் பால்கனியில் வைத்துக் குழாயை இழுக்கலாமா? தாவரத் தொட்டிக்கு வாங்கிய நல்ல எல்.இ.டி. விளக்கு கையில் இருக்கிறது, அதையே கொஞ்ச காலம் பயன்படுத்தலாமா?

நீர்மானி, பெட்டாலிங் ஜெயா:

பால்கனியில் மழைச்சாரலும் நேர்வெயிலும் படாத இடம் இருந்தால் வைக்கலாம், தம்பி. ஆனால் குழாய் நீள நீள நீரோட்டம் குறையும், வெளிக்காற்றின் சூட்டையும் குழாய் வழியில் வாங்கிக்கொள்ளும். மூன்று மீட்டருக்கு மேல் போகுமானால் குழாய்க்கு வெப்பக்காப்பு உறை போட்டு, சில்லரின் கையேட்டில் குறிப்பிட்ட நீரோட்ட அளவு மறுமுனையில் கிடைக்கிறதா என்று ஒரு வாளியும் கடிகாரமும் வைத்து அளந்து பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் அடிப்பெட்டிக்குப் பக்கத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பதே மேல். அந்தச் சிறிய சில்லரின் சூட்டால் அறை பெரிதாக மாறாது.

தாவர விளக்கு வேண்டாம். அதில் வெள்ளையும் சிவப்பும் மிகுதி. பவளத்தின் பாசி பெரிதும் நாடுவது 420 முதல் 470 நானோமீட்டர் வரையிலான நீல ஒளியை. பாறை பழகும் நான்கு ஆறு வாரத்துக்கு விளக்கே தேவையில்லை, இருட்டில் விட்டால் வேண்டாத பாசியும் வளராது. அதற்குள் பவள விளக்கு ஒன்றைப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். மென்பவளத்துக்கும் ஹாமருக்கும் பி.ஏ.ஆர். (ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியின் அளவு) 50 முதல் 150 வரை போதும் என்பதால் விலையுயர்ந்தது அவசியமில்லை. தொடக்கத்தில் பாதி வலிமையில் ஆறு மணி நேரம் எரியவிட்டு, பவளம் விரிவதைப் பார்த்துப் பார்த்து, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.